ரத்தோட்டை லொறி

கொங்காவெல,
மாத்தளை.
14.06.2008

அன்புள்ள ஜைனுதீன் நானாவுக்கு,

தங்கை நூருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் சுகம். லண்டனில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன்.

உம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை. கதிரையில் இருந்துதான் தொழுகிறார். மிளகு இந்த முறை நன்றாகக் காய்த்தது. ஆனால் மழை விடாததால் காயவைக்க முடியாமல் பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸை மறுபடியும் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிப் பையைத் திறந்து பார்க்கிறார்கள். என் பையில் இருப்பது கணக்குத் தாள்களும் சோற்றுப் பார்சலும்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்குமுன் நானே திறந்து காட்டிவிடுகிறேன்.

நீங்கள் போனில் சொன்னபடி, திருகோணமலை வீதியில் உள்ள இன்டர்நெட் கடைக்குப் போய் உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் நாம் செய்த லொறி விளையாட்டைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். குவைத்தில் இருந்து மாமா கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர், அதன் ரப்பர் பொத்தான்கள், டீவியை நாம் பிடுங்கிக்கொண்டதற்கு வாப்பா போட்ட சத்தம், விளையாட்டை ஏற்றும் கசெட் கீச்சிடும்போது திரையின் ஓரத்தில் ஓடும் நிறக் கோடுகள், எல்லாம் உண்மை. நான் சதுரத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த மாடு நாய் மாதிரி இருந்ததையும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கடையில் இருந்தபடியே சிரித்துவிட்டேன்.

விளையாடியும் பார்த்தேன். ரத்தோட்டையில் இருந்து மிளகு மூட்டைகளோடு லொறி வளைந்து வளைந்து இறங்குகிறது. பாலத்தடியில் நின்றுவிடுகிறது. பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கீழே யாரோ கேட்டிருக்கிறார். அதற்கு நீங்கள், அதற்குமேல் எழுதவில்லை, நாங்கள் வளர்ந்துவிட்டோம் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். கூடச் சேர்ந்து எழுதிய நண்பன் பழனிமுத்துவுடன் காலப்போக்கில் தொடர்பு விட்டுப்போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மெஷின் இறுகிவிட்டதா என்று கடைக்காரர் வந்து கேட்டார்.

நானா, பழனியைக் காலம் கொண்டுபோகவில்லை. ஆமிக்காரர்கள் கொண்டுபோனார்கள். அது உங்களுக்குத் தெரியும்.

எண்பத்தொன்பதில் நீங்கள் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தீர்கள். பாலத்துக்கு அப்பால் உள்ள பகுதியைப் பழனியும் நானும் இங்கே எழுதி முடித்திருந்தோம். நீங்கள் வாப்பாவின் கடைக்குப் போன் எடுத்தபோது பழனியின் பக்கத்தில்தான் நானும் நின்றேன். "நீயே கசெட்ட எடுத்துக்கிட்டு வா மச்சான், போறதுக்கு முந்தி ஒன்னயும் பாக்கணும்" என்று நீங்கள் சொன்னது எனக்கே கேட்டது. றோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்த காலம். வாலிபப் பிள்ளைகளை ஆமி பிடித்துப்போகாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க எல்லோரும் பாடுபட்ட காலம். ஆனாலும் நீங்கள் கேட்டதற்காகப் பழனி எல்கடுவ தோட்டத்து லயத்தில் இருந்து வந்து கொழும்புக்கு பஸ் ஏறினார்.

சோதனைச் சாவடியில் கசெட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, அந்தக் கீச்சொலி மட்டும். இரகசியச் செய்தி என்று முடிவுகட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு என்று அவர் கெஞ்சியதாக பஸ் கொண்டக்டர் வந்து சொன்னார். ஊரில் எத்தனை பேர் கம்ப்யூட்டரைக் கண்டிருந்தார்கள், நம்புவதற்கு? இந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று வாப்பா உங்களுக்குச் சொன்னார். நீங்களும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதக் கூடாது என்று வாப்பா சத்தியம் வாங்கியிருந்தார். அவர் மௌத்தாகிவிட்டார். இனி எழுதுகிறேன்.

பழனியின் அம்மா சுந்தரம்மாவோடு நான் ஆமி முகாமுக்குப் போனேன். கம்ப்யூட்டரையும் டேப் ரெக்கோடரையும் துணியில் சுற்றி நான் எடுத்துக்கொண்டேன். அவர் டீவியைத் தலையில் சுமந்தார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கதிரைகூடக் கொடுத்தார். இதில் இருப்பது விளையாட்டுத்தான், காட்டுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து நம் கசெட்டை எடுத்துத் தந்தார்.

முதல் தடவை ஏறவில்லை. கோடுகள் பாதியில் நின்று, பிழை என்று எழுத்து விழுந்தது. ஒரு சிப்பாய் சிரித்தான். முந்தானையால் டேப்பின் தலையைத் துடைத்து, சத்தத்தைக் குறைத்து மறுபடி போட்டேன். லொறி வந்தது. அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளையாட உட்கார்ந்தார். சிப்பாய்கள் சுற்றி நின்றார்கள். மாட்டில் மோதும்போதெல்லாம் கூச்சல். பாலத்தைத் தாண்டி, மாத்தளைச் சந்தை வந்து, மூட்டைகள் இறங்கின. கடைசியில் திரையில் நம் மூன்று பேருடைய பெயர்களும் வந்தன. முதலில் உங்கள் பெயரைத்தான் பழனி போட்டிருந்தார். யார் இந்த ஜைனுதீன் என்று அதிகாரி கேட்டார். என் நானா, அவர் வெளிநாடு போய்விட்டார் என்றேன். நீங்கள் அப்போது கொழும்பில்தான் இருந்தீர்கள்.

அவர் எழும்பி, கசெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "கேம் நல்லாயிருக்கு, நங்கி. ஆனா பழனிமுத்துன்னு ஒரு ஆள நாங்க இங்க கொண்டுவரவே இல்ல."

கொண்டுபோன எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். சுந்தரம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பெரியவரு நல்லா சிரிச்சாருங்களே பாப்பா, விட்டுருவாங்கதானே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? பழனி வரவில்லை. நாங்கள் ஏறி இறங்கிய மற்ற இடங்களிலும் அவர் இல்லை என்றே சொன்னார்கள். நீங்கள் விமானம் ஏறிய அன்றும் நாங்கள் ஒரு முகாம் வாசலில்தான் நின்றோம்.

எனக்கு வந்த சம்பந்தங்களை ஏன் மறுத்தேன் என்று உம்மா இன்னும் கேட்கிறார். நீங்களும் ஒருமுறை கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்தக் கடிதத்திலும் பதில் இல்லை.

சுந்தரம்மா அதே லயத்தில்தான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. போன மாதம் போனபோது, "ஒங்க அண்ணன் வந்தா ஒரு நட கூட்டிக்கிட்டு வாங்க பாப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே திரிஞ்சாங்க, அவருகிட்டயாச்சும் ஏதாச்சும் சொல்லியிருப்பான்" என்றார். கசெட்டைக் கொண்டுவரச் சொன்னது நீங்கள் என்று நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அதை நீங்கள்தான் வந்து சொல்லவேண்டும்.

வாப்பாவின் மௌத்துக்கு வரமுடியவில்லை என்றீர்கள். ஏற்றுக்கொண்டேன். இதற்கு வாருங்கள் நானா. காசு அனுப்பவேண்டாம். சுந்தரம்மாவின் கண் முழுக்க அணையுமுன் நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். நானும் கூட வருகிறேன்.

உங்கள் பிள்ளைகளை அல்லாஹ் காப்பானாக. அவர்கள் எங்கே போனாலும் பொழுதோடு வீடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கை,
நூருன்னிஸா