‘பொறுங்க, ஏறும்’ என்று நான் சொன்ன நாள்

பாசத்துக்குரிய ரஹீமா ராத்தாவுக்கு,

உங்கள் ஃபரீதாவின் ஸலாம். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைத்திருப்பான் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. நீங்கள் பென்ஷன் எடுத்துப் போன பிறகு உங்கள் வாட்டுக்கு மூன்று தாதி மிஸ்ஸிமார் மாறிவிட்டார்கள். நான் மட்டும் அதே ஆஸ்பத்திரியில், அதே மருந்தறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று குளிசை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் எனக்கும் பென்ஷன்.

இந்தக் கிழமை பங்குச் சந்தை மறுபடியும் விழுந்தது ராத்தா. நம் காலத்தில் பேப்பர் வரும்வரை காத்திருந்தோம். இப்போது பிள்ளைகள் நிமிஷத்துக்கு நிமிஷம் போனில் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு இளம் தாதி வந்து தலையிடிக்குக் குளிசை கேட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. என்ன மகள் என்று கேட்டேன். போனை என் முன்னால் வைத்தாள். பட்டியல் முழுக்கச் சிவப்பு.

“கலியாணத்துக்குச் சேத்த சல்லி மிஸ். விக்கிறதா, வச்சிருக்கிறதா? நீங்களும் முந்திச் செஞ்சதாம் எண்டு சொன்னாங்க.”

குளிசையைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

யுத்தம் முடிந்து வந்த அந்த முதல் இரண்டு வருடம் எப்படி இருந்தது, ஞாபகமா? இலவன்குளம் பாதை திறந்தது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து தில்லையடியில் இருபது வருடமாக இருந்த சனமெல்லாம் வான் பிடித்துப் போய்த் தங்கள் காணியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நீங்களும் போனீர்கள். தொண்ணூறில் நாலு மாதக் கர்ப்பத்தோடு வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர் நீங்கள். வயிற்றில் இருந்த ஷிஃபா அப்போது பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். உங்கள் கணவரும் இல்லை. காணியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்: “காடு ஏறிக் கிடக்கு ஃபரீதா. ஆனா வாசப்படி இரிக்கி. அந்தப் படியிலயிருந்தே மூண்டு அறை வச்சு ஒரு வீடு கட்டோணும்.”

அந்த நேரம்தான் ஊரெல்லாம் ஷெயார் கதை. கொழும்பிலிருந்து ஒரு தரகர் கொம்பனிக்காரர் வந்து டவுனில் ஒரு ஹோலில் கூட்டம் வைத்தார். நாடு இனி மேலேதான் போகும் என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. குண்டுச் சத்தம் நின்ற நாட்டில் எல்லாமே ஏறத்தானே வேண்டும்? உங்கள் சேமிப்பை நீங்கள் போட்டீர்கள். உம்மா எனக்குத் தந்த மாம்புரித் தென்னங்காணியை விற்ற காசை நான் போட்டேன். ஆம்புலன்ஸ் ஓட்டிய சிலாபத்துப் பெனடிக்ட் அண்ணன், இருந்ததைப் போட்டது போதாதென்று தரகரிடம் கடனுக்கும் வாங்கினார்.

நீங்களும் நானும் மௌலவியிடம் கேட்டு, வட்டிக்கடை இல்லாத, சாராயம் இல்லாத கொம்பனிகளாகப் பார்த்து வாங்கினோம். பெனடிக்ட் அண்ணன் பியர்க் கொம்பனி வாங்கிவிட்டு, “மிஸ்ஸி, ஒங்கட கொம்பனியவிட எண்டது நல்லா ஏறுது” என்று உங்களைச் சீண்டுவார். பேப்பர் பத்து மணி பஸ்ஸில் வரும். சாப்பாட்டு நேரத்தில் மருந்தறையில் மூன்று தலை ஒரு பக்கத்தின் மேல் குனிந்திருக்கும். நீங்கள் கொண்டுவரும் பொரித்த மீன் வாசம் பேப்பரிலும் ஒட்டியிருக்கும்.

“விக்கிறதெண்டா மூண்டு பேரும் கதைச்சிட்டுத்தான் விக்கோணும். தனியா ஒருத்தரும் ஓடப்படாது.” இதைச் சொன்னது நீங்கள். ஓம் என்று முதலில் சொன்னது நான்.

கொழும்புக்குப் போன அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாங்கள் ஷெயார் வாங்கிய தேயிலைக் கொம்பனியின் வருடாந்தக் கூட்டம். சுபஹு தொழுதுவிட்டு முதல் பஸ் ஏறினோம். பெரிய ஹோட்டல். குளிரில் எனக்குக் கை விறைத்தது. கோட்டுப் போட்டவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார்கள். கேள்வி இருக்கிறதா என்று தலைவர் கேட்டதும் நீங்கள் கை தூக்கினீர்கள். நான் உங்கள் அபாயாவைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் எழும்பிவிட்டீர்கள்.

“எண்ட பேர் ரஹீமா. புத்தளத்திலிருந்து வந்திருக்கிறன். தமிழ்லதான் கேக்கிறன். லாபம் வந்திரிக்கி எண்டு புத்தகத்தில போட்டிரிக்கீங்க, சந்தோசம். கொழுந்து எடுக்கிற பொம்புளைகளிண்ட லயத்து வீட்டுக்குக் கூரை போட்டீங்களா இல்லையா எண்டு அதில ஒண்டும் இல்லையே?”

ஒரு கணக்காளர் எழுந்து மொழிபெயர்த்தார். கவனத்தில் எடுப்போம் என்று தலைவர் சொன்னார். பின்வரிசையில் பெனடிக்ட் அண்ணன் மட்டும் தனியாகக் கை தட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில், ஏன் ராத்தா இந்த வேலை என்று கேட்டேன். “ஓலைக் கொட்டில்ல ஏழு வருசம் இருந்தவள் நான். கேக்காம எப்பிடி வாறது?” என்றீர்கள். பிறகு என் தோளில் சாய்ந்து புத்தளம் வரைக்கும் தூங்கினீர்கள். அந்தப் பாரம் இப்போதும் தோளில் இருப்பதுபோல் இருக்கிறது.

பிறகு விழத் தொடங்கியது. முதல் கிழமைகளில் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொஞ்சம் இறங்கித்தான் ஏறும் என்று தரகர் சொன்னார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருந்தது. ஒரு நாள் பெனடிக்ட் அண்ணன் மருந்தறை வாங்கில் வந்து உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“ஒக்கோம இவரய் மிஸ்ஸி. எல்லாம் முடிஞ்சு. கடனுக்கு வாங்கினதெண்டு தரகர் கொம்பனியால என்னட்டக் கேக்காமலே வித்துப்போட்டாங்க. பொஞ்சாதிட நகைய அடகு வச்ச சல்லியும் அதுக்குள்ளதான்.”

நீங்கள் அவரை வாட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிரஷர் பார்த்தீர்கள். அன்று வேறு ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டினார்.

அதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவர் நிசார் அப்போது நுரைச்சோலையில் வேலை. பொறுமையான மனிதர் என்று உங்களுக்குத் தெரியும். “ஃபரீதா, அது உங்கட உம்மாட காணி. முழுக்கப் போனா நீங்க தாங்கமாட்டீங்க. நாளைக்கே வித்திருங்க” என்றார். உங்களிடம் கதைக்கவேண்டும் என்றேன். “கதைச்சிட்டே இருந்தா அதுவும் போயிரும்” என்றார்.

மறுநாள் காலையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து மருந்தறை ஜன்னலைச் சாத்தினேன். தரகருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் விற்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. போட்டதில் முக்கால்வாசி மிஞ்சியது.

அதே நாள் பகல் நீங்கள் சாப்பாட்டோடு வந்தீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் இருந்தீர்கள்.

“ஃபரீதா, எனக்குப் பயமா இரிக்கி. நாங்களும் வித்திருவமா?”

“பொறுங்க ராத்தா, ஏறும்.”

“நீங்க வச்சிரிக்கீங்கதானே?”

“ஓம்.”

உங்கள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் சாப்பிட்டீர்கள். எனக்கு மீன் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தீர்கள். நானும் சாப்பிட்டேன்.

ஏறவில்லை. மாதக்கணக்கில் விழுந்துகொண்டே போனது. நீங்கள் என் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். வாரத்துக்கு ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் பொறுங்கள் என்பேன். முதல் பொய்யை மறைக்க ஒவ்வொரு வாரமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது.

நம் இருவரின் ஷெயார் கணக்குக் கடிதங்களும் ஆஸ்பத்திரி விலாசத்துக்குத்தானே வரும்? ஒரு நாள் இரண்டையும் கிளார்க் உங்கள் கையில் கொடுத்துவிட்டார். உங்களுடையது என்று நினைத்து என்னுடையதைத் திறந்துவிட்டீர்கள். அதில் ஒரு ஷெயாரும் இல்லை. விற்ற திகதி இருந்தது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “தெரியாமத் திறந்திட்டன், மன்னிச்சுக்கங்க” என்றீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். கேட்டது நீங்கள்.

மூன்று கிழமை நீங்கள் மருந்தறைப் பக்கம் வரவில்லை. நான் தனியாகச் சாப்பிட்டேன். நாலாவது கிழமை நீங்கள் வந்தபோது, விற்ற காசில் பாதிக்குச் செக் எழுதி மேசை லாச்சியில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

“வாணாம்” என்றீர்கள். குரல் உயரவில்லை. “வித்தது பிழை இல்ல. ஒங்கட காணி, ஒங்கட முடிவு. எனக்கு ஏன் ஏறும் எண்டு சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

நான் அழுதேன். பதில் சொல்லவில்லை. பிறகு, “சரி, மருந்தக் குடுங்க, சனம் நிக்கிது” என்று போய்விட்டீர்கள். மறுநாள் பழையபடி சாப்பாட்டோடு வந்தீர்கள். சாகும்வரை அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.

கடைசியில் மிஞ்சியதை விற்று ஊரில் ஒரே ஒரு அறை கட்டினீர்கள். சீமெந்தும் தகரமும் ஏற்றிக்கொண்டு பெனடிக்ட் அண்ணன் யாரிடமோ ஒரு லொறி வாங்கி வந்தார். தன்னிடம் ஒன்றுமில்லாத நேரத்தில் அந்த மனிதர் ஒரு சதமும் வாங்காமல் ஓட்டினார். நானும் வந்தேன். காட்டை வெட்டிய இடத்தில் உங்கள் பழைய வாசற்படி வெயிலில் கிடந்தது. நாங்கள் மூவரும் அதில் வரிசையாக உட்கார்ந்து பாணும் சம்பலும் தின்றோம். நான் சீமெந்துத் தாச்சியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடியதைப் பார்த்து நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அப்படி ஒரு நாள் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

“மூண்டு அறை எண்டு நெனச்சன். ஒண்டு வந்திரிக்கி. அல்ஹம்துலில்லாஹ்” என்று சொன்னீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் வராமல் போன இரண்டு அறையும் என் வாயால் போனவை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு லீவுக்கும் அங்கே போவீர்கள். ஒரு நாளாவது வந்து தங்குங்கள் என்று கூப்பிடுவீர்கள். நான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன்.

உங்கள் ஜனாஸா அன்று பெனடிக்ட் அண்ணன் சிலாபத்திலிருந்து வந்து பள்ளிவாசலுக்கு வெளியே வெள்ளைச் சட்டையோடு நின்றார். இப்போது ஸ்கூல் வான் ஓட்டுகிறார், நகையையும் மீட்டுவிட்டாராம். ஷிஃபா என்னைக் கட்டிப் பிடித்து, “சாச்சி, உம்மா கடைசியா உங்களத்தான் கேட்டா” என்றாள். நான் கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன், நேரத்துக்கு வந்து சேரவில்லை. எதற்குக் கேட்டீர்கள் ராத்தா? சொல்லவா, கேட்கவா?

கேட்பதற்கென்றால், இதோ பதில். விற்றுவிடுங்கள் என்று உங்களிடம் சொன்னால் நான் விற்றது தெரிந்துவிடும் என்று பயந்தேன். இத்தனை வருடம் அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி இது: நான் விற்ற மறுநாளே விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஏறினால் நீங்களாவது உள்ளே இருக்க வேண்டும், விழுந்தால் நான் வெளியே இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்களை அங்கே நிறுத்திவைத்துவிட்டு நான் மட்டும் ஓடினேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாப் செய்துவிடுங்கள் ராத்தா.

அந்த இளம் தாதியை நேற்றுக் கூப்பிட்டேன். விலை ஏறுமா இறங்குமா எனக்குத் தெரியாது மகள் என்றேன். கலியாணம் எப்போது என்று கேட்டேன். ஆறு மாதத்தில் என்றாள். ஆறு மாதத்தில் தேவைப்படும் சல்லியை அங்கே வைக்க எனக்கு மனம் வராது, ஆனால் முடிவு உன்னுடையது என்றேன். பிறகு நம் கதையை, என் பெயரை மறைக்காமல் சொன்னேன். “அந்த மிஸ்ஸி உங்களோட பிறகும் கதைச்சாவா?” என்று கேட்டாள். ஓம், சோறும் தந்தா என்றேன்.

ஷிஃபாவுக்கு இது ஒன்றும் தெரியாது. உம்மாவின் உற்ற கூட்டாளி என்றுதான் என்னை நினைத்திருக்கிறாள். பெருநாளைக்கு முதல் தட்டு இன்னும் என் வீட்டுக்குத்தான் வருகிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அது அச்சில் வந்து அவள் கண்ணில் படுவதற்கு முன்னால், என் வாயால் அவள் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குப் போகிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அறையில் தங்கி, ஒன்றும் விடாமல் அவளுக்குச் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அதற்குப் பிறகு அவள் என்னைச் சாச்சி என்று கூப்பிடுவாளோ இல்லையோ, அது அவள் முடிவு.

கூடப்பிறக்காத உங்கள் தங்கச்சி,
ஃபரீதா