பதினாறு வால்வுகள்

ஜூலை 8, 2007. ஞாயிறு

காற்றே இல்லை. பத்து மணிக்கே பனியன் நனைந்துவிட்டது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

ஏகாம்பரம் வந்தான். வாரம் முழுக்க ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றும் வேலை, மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு. என் பாட்டு செட்டில் வலது ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், இடதுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ, பழைய ரேடியோவில் எரிகிற மாதிரி எட்டுக் கண்ணாடி வால்வு. உள்ளே ஐந்நூற்றைம்பது வோல்ட் ஓடும். ஊரில் இவன் ஒருத்தன்தான் மூடியைத் திறக்கிறான். இடது கையைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை. இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயுமாம்.

சத்தம் நாலு மாதமாக மங்கல் என்று மறுபடி சொன்னேன். அளந்தான். எல்லாம் சரி என்றான். வால்வுகளைக் கழற்றி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டினான். காசு வாங்க மாட்டான், ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் கேட்டுவிட்டுப் போவதுதான் கூலி. இன்றும் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு.

ஜூலை 10

மருந்துக் கடை. வீட்டுக்காரி மரிக்கு பிரஷர் மாத்திரை. ஸ்டெபிலைசருக்கு ஃப்யூஸ்.

சத்தம் செத்துக் கிடக்கிறது. வயலினில் வில் உரசுவதே கேட்கவில்லை. ஜாஸ் இசைத்தட்டில் தாளத் தகடு அடிக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. ஊசி மாற்றினேன். ஒயர் மாற்றினேன். அப்படியேதான்.

ஒரு வால்வை உருவிப் பார்த்தேன். கண்ணாடியில் கம்பெனிப் பெயர் இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. பதினாறும் மொட்டை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது துலோனிலிருந்து கம்பளிக் காலுறையில் சுற்றிக் கொண்டுவந்தவை. பழைய வால்வை என்ன விலை கொடுத்தும் வாங்க சென்னையில் அலைகிறார்கள் என்று போன வருஷம் எனக்குச் சொன்னதே ஏகாம்பரம்தான்.



ஜூலை 12

ஏகாம்பரத்தை வரச் சொன்னேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தான். நேராகவே கேட்டேன், என் வால்வு எங்கே என்று.

ஸ்பிரிட் பட்டால் எழுத்து போய்விடும், பழைய மை அப்படித்தான் என்றான். பதினாறுமா என்றேன். பதினாறையும்தானே துடைத்தேன் என்றான். மீட்டர் வைத்துக் காட்டுகிறேன் என்றான். மீட்டரைப் பிடிப்பது உன் கைதானே என்றேன்.

"இருவது வருசமா வந்துகினு இருக்கேன் முசே," என்றான். கோபத்திலும் முசே என்ற பிரெஞ்சு மரியாதையை விடவில்லை. ஸ்க்ரூடிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மரி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. மரி என்னிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 14

பிரான்சின் தேசிய தினம். மெடல் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போனேன். கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள். அப்புறம் விருந்து. என்னைப் போல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா பென்ஷன்காரர்கள் எல்லோரும். கூட்டத்தில் எனக்குப் பெயர் லொரேய், பிரெஞ்சில் காது. புது ஸ்பீக்கர் வாங்கினாலும் பழைய ரேடியோ விற்றாலும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொல்வார்கள். நான் தலையாட்டினால்தான் பணம் கைமாறும்.

உன் ஆம்ப்ளிஃபயர் எப்படி என்று ஒருவர் கேட்டார். ஏகாம்பரம் வால்வை மாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பத்து பேர் சுற்றி நின்றார்கள். இவர்கள் வீட்டு டிவி, மிக்சி, ஸ்டெபிலைசர் எல்லாம் ஏகாம்பரம் பார்ப்பதுதான். நிரூபணம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "லொரேய் காதே சொல்லுதுன்னா அப்புறம் இன்னா?"

மனசுக்கு நிறைவாக இருந்தது. உள்ளதை எழுதுகிறேன்.

ஜூலை 20

நாலு வீட்டில் ஏகாம்பரத்தை வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். கோயில் மைக் செட்டும் இந்த வருஷத் திருவிழாவுக்கு வேறு ஆளாம். மரி மார்க்கெட்டில் கேட்டு வந்து சொன்னாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 23

மச்சான் பாரீஸிலிருந்து வந்தார். பெட்டியில் நான் கேட்டிருந்த புது வால்வு பதினாறு. இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நானே மாட்டினேன். அரை மணி சூடேறவிட்டு ஜாஸ் தட்டு.

அதே மங்கல். அதே வெற்றிடம்.

சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மரி அடுப்பங்கரையிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "கொஞ்சம் கொறைங்க. அந்த ஜல்ஜல்னு அடிக்கிறது காதக் கிழிக்குது."

எந்த ஜல்ஜல் என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நானே போய் ஆஃப் செய்தேன். பழைய வால்வுகள் அட்டைப் பெட்டியில் இருந்தன. அவை என்னுடையவைதான்.

ஜூலை 26

காது டாக்டர். கண்ணாடி அறை, ஹெட்போன், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நான் அழுத்தாமல் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். தாளில் கோடு பாதி வரை நேராக வந்து, அங்கிருந்து, மேல் சத்தம் வருகிற பக்கத்தில், சரிந்து கீழே போய்விட்டது. ராணுவத்தில் பீரங்கிப் பக்கமா என்று கேட்டார். பதினொரு வருஷம் என்றேன். போனது போனதுதான் என்றார்.

ஆட்டோவில் மரி சொன்னாள், இரண்டு வருஷமாகத் தொண்டை வலிக்கக் கத்தித்தான் பேசுகிறாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன். உங்களிடம் யாரால் சொல்ல முடியும் என்றாள்.

ஜூலை 29. ஞாயிறு

வானம் மூட்டம். மழை இல்லை.

ஏகாம்பரம் வீடு. இருபது வருஷத்தில் முதல் தடவை போகிறேன். அவன் சம்சாரம் நாற்காலி போட்டாள், தண்ணீர் தரவில்லை. ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்து ஃபேனுக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். டாக்டர் தாளைக் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன்.

தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். நான் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னான்: "எங்கிட்ட சொல்லி இன்னா முசே பிரயோசனம்? சொன்ன எடத்துல போயி சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு பென்ஷன்காரர் கூட்டம் இருக்கிறது, சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். தலையாட்டினான். காயிலைத் தொடர்ந்து சுற்றினான்.

ஆகஸ்ட் 2

பேசவேண்டியதை எழுதி வைத்தேன். நாலு வரி. கண்ணாடி முன்னால் நின்று படித்தேன்.

ஆகஸ்ட் 5. ஞாயிறு

தாள் சட்டைப் பாக்கெட்டில். டாக்டர் தாளும் கூடவே. பன்னிரண்டு பேர். பென்ஷன் படிவம் பற்றிப் பேச்சு, அப்புறம் வடை, காபி. எழுந்தேன். சொல்லப் போகிறேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் கையைப் பிடித்து இழுத்தார். மருமகன் புது ஸ்பீக்கர் அனுப்பியிருக்கிறானாம். "லொரேய் கேட்டு ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் எல்லாரும் கேக்கலாம்."

நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும், மேல் சத்தம் கொஞ்சம் தூக்கல், மற்றபடி நல்ல சாமான் என்றேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். மரி வாசலிலேயே நின்றிருந்தாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "சொன்னீங்களா?"

நன்றாகக் காதில் விழுந்தது. விழாத மாதிரி உள்ளே போய்விட்டேன்.