தொட்டியில் எழுதப்போகும் பெயர்

என் அம்மணிக்கு,

எனக்கு எழுதத் தெரியாதது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மருமகள்தான் எழுதுகிறாள்.

காலனித் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். நாளை உன் முதல் நினைவுநாள். அன்று தொட்டியில் பெயர் எழுதப்போகிறார்களாம். உன் பெயர் என்றுதான் நினைத்தேன். என் பெயராம்! "ஐயா சொல்லித்தானுங்களே அம்மா தொட்டி வெச்சாங்க" என்கிறார்கள். என்ன செய்வதென்று எனக்குப் பிடிபடவில்லை.

நம் பஞ்சாயத்துக்கு முதல் பெண் தலைவர் நீ. யார் எதைக் கேட்டு வந்தாலும், "எங்க ஊட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேனுங்க" என்பாய். வீட்டுக்கு வந்தால், "ஏனுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" அதோடு சரி. மறுநாள் ஆபீசில், "அவரு சொல்லிப்போட்டாருங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுவாய்.

தொட்டியை நம் தெருவில் வைக்காமல் காலனியில் வைத்தாய். பங்காளிகள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "ஏப்பா, நீ சொல்லித்தான் அங்க வெச்சாளாமா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

எனக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். நீ கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றேன். அதன்பிறகு ரொம்ப வருசம் அவர்கள் நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரவில்லை.

நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லையா? இல்லை, கேட்காவிட்டாலும் உன் பக்கம் நிற்பேன் என்று நம்பினாயா? நீ இருந்தபோதே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

இந்த இடத்தில் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"நெசமாலுமே அத்தை உங்களக் கேக்கவே இல்லீங்களா மாமா?"

"ஒரு நாளும் இல்ல கண்ணு."

"அப்ப இத்தன நாளா ஊரே உங்களுக்குக் கும்பிடு போட்டுச்சே!"

"நானும் வாங்கிக்கிட்டேன்."

உண்மையைச் சொன்னால் நீ ஊருக்குச் சொன்னது பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் உன் தொட்டி என்னுடையதாகிவிடும். இதில் எது உனக்குச் செய்யும் துரோகம்?

ஒன்று மட்டும் செய்கிறேன் அம்மணி. காலையில் பெயிண்டர் வரும்முன் மருமகளோடு தொட்டியடியில் போய் நின்று, உன் பெயரை எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லி, உன் பெயர்தான் என்று தெரிந்த பிறகுதான் வீடு திரும்புவேன். யாராவது ஏன் என்று கேட்டால், "எங்க ஊட்டுல கேட்டுப்போட்டுத்தானுங்க சொல்றேன்" என்பேன்.

நீ ஒரு நாளும் கேட்காத,
உன் ஊட்டுக்காரன்