பின்பக்கமாக ஏறிய மேடு

அன்பு அக்காவுக்கு,

உன் சின்னக் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன் என்றால் நம்புவாயா? நீ ஓட்டும்போது பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தவள், உன் செத்தவீடு முடிந்த கையோடு கார் பழகப் போய், ஓட்டுநர் பத்திரமான பெர்மியும் எடுத்துவிட்டேன்.

அத்தானின் சிறுநீரகம் இன்னும் அப்படியேதான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நேற்று, திங்கள் விடியும்போது பாரிஸில் எங்கள் லா சப்பல் பகுதி முழுக்கப் பனி, ஒரே வெள்ளை. பஸ் ஓடவில்லை. அத்தானை ஏற்ற வரும் டாக்ஸிக்காரரும் வரமுடியாதென்று போன் எடுத்தார்.

“ஒருநாள் விட்டால் ஒண்டும் நடவாது, மதி.”

அத்தானின் முகம் அப்போதே ஊதியிருந்தது.

“சனி ஞாயிறும் செய்யேல்லை. இண்டைக்கும் விட்டால் மூச்சு முட்டும் அத்தான். சப்பாத்தைப் போடுங்கோ.”

“இந்தத் தகரப்பேணிக் காரிலையோ?”

“ஓம், இதிலைதான்.”

காரின் கூரையிலிருந்த பனியை வழித்தேன். முதல் கியரில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இரண்டாவதில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டேன். நகர்ந்தது. ஒபர்வில்லியே திருப்பத்தில் ஸ்டியரிங்கை வெட்டியும் கார் நேராகவே வழுக்கிப் போனது. பிரேக்கில் கால் வைக்கவில்லை, அக்கா. ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிக் காத்திருந்தேன். சக்கரம் பிடித்தது. அத்தான் “முருகா” என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

சிகிச்சை நிலையம் மேட்டின் உச்சியில் இருப்பது உனக்குத் தெரியும்தானே. பாதி ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் பனியைச் சீய்த்ததே தவிர ஏறவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், “முடியாது மடாம், திரும்பிப் போங்கள்” என்று கை காட்டினார்.

அத்தான் நடந்து ஏறக்கூடியவரா? அவர் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார். “இருங்கோ” என்று அதட்டினேன். உன் மனுசனை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

யோசித்தேன். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். ஏற்றத்தில் மூக்கு தூக்கியதும் பாரமெல்லாம் பின்னால் போய்விடுகிறது. மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு ஏறினால்?

மெல்ல அடிவாரத்துக்கு இறக்கி, அங்கேயிருந்த சந்தியில் காரைத் திருப்பினேன். ரிவர்ஸ் போட்டேன்.

“என்ன செய்யிறாய்?”

“பின்னுக்குப் பாத்து வழி சொல்லுங்கோ அத்தான்.”

“வலப்பக்கம்... போதும், நேராய்... விடாதை, விடாதை!”

விடவில்லை. பின்பக்கமாகவே உச்சிவரை ஏறினோம். பனி வழித்தவர் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கித் தொப்பியைக் கழற்றினார்.

தாதி அத்தானை உடனே மெஷினில் போட்டாள். நேற்று அங்கே பாதிக் கட்டில்கள் வெறுமையாக இருந்தன. அந்தக் கட்டில்காரர்கள் என்ன ஆனார்கள்? மத்தியானம் அத்தானின் முகவீக்கம் வடிந்து, “பசிக்குது பிள்ளை” என்றார். வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

நாளை புதன். பனி இன்னும் கரையவில்லை. டாக்ஸி வந்தாலும் வராவிட்டாலும் அத்தானின் முறை ஒன்றுகூடத் தவறாது. அந்த நாட்களில் வரமாட்டேன் என்று வேலையிடத்திலும் சொல்லிவிட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு, அக்கா.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
மதி