நரியைக் கூப்பிடும் பெட்டி

2 மார்ச் 2025, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தக் கொப்பியிலாவது எழுதிவைக்கிறேன்.

நேற்று நோர்பரி மண்டபத்தில் எங்கள் பழைய மாணவர் சங்க ஆண்டு விழா. மிச்சம் என்ற ஊரில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் குகதாசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘கண்டுபிடிப்பாளர்’ என்று அறிமுகம் வேறு. மேசையில் இருந்தது நான் செய்த பெட்டி. ரிமோட்டை அமத்தினால், இருநூறு மீட்டர் தள்ளிப் புல்லுக்குள் கிடக்கும் அந்தப் பெட்டி அடிபட்ட முயலைப் போல அலறும். நரி தேடி வரும். துவக்கோடு இருப்பவன் சுடுவான்.

குகதாசன் கென்ட் பகுதியில் கொலின் என்ற பண்ணைக்காரரிடம் ஆடு வாங்குகிறவன். அவருடைய குட்டிகளை நரி தூக்குகிறது என்று போன செப்டெம்பரில் என்னிடம் ஓடி வந்தான். “அண்ணை, உங்களாலதான் ஏலும்.” பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். நேற்று இருபது நிமிடம் பேசினான். அண்ணை என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

நானும் கை தட்டினேன். ஏன் தட்டினேன்?

3 மார்ச்

விழாப் படம் வாட்ஸப்பில். முப்பத்தெட்டு வாழ்த்து. நான் இலத்திரனியல் பொறியியல் படித்துவிட்டு இருபத்தாறு வருடமாக விமான நிலையத்தில் சூட்கேஸ் போகிற பட்டி திருத்துகிறேன். அதற்கு யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை.

8 மார்ச், சனி

அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

ஒக்டோபரில் நான் கொடுத்தது முதல் பெட்டி. அவசரத்தில் செய்தது. ரிமோட்டின் அலைவரிசையில் எந்தச் சிக்னல் வந்தாலும் அதன் ரிசீவர் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து, அதே சேர்க்கிட்டில் எனக்காகச் செய்த பெட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தேன். முன்வீட்டுக்காரி காரைப் பூட்டினாள். என் வரவேற்பறையில் முயல் அலறியது. என் மனைவி வசந்தமலர் தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டு உடைத்தாள். “உங்கட நரி விளையாட்டுக்கு நான் நெஞ்சடைச்சுச் சாகவோ?”

கார்ச் சாவிகளும் அதே அலைவரிசை. படித்தவன் செய்கிற பிழையா இது? வெட்கமாக இருந்தது. ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் குறியீடு வைத்து, நவம்பரில் சரிசெய்தேன். அதைச் சொல்வதற்கு ஐந்து முறை போன் எடுத்தேன். குகதாசன் போனைத் தூக்கவில்லை. பெட்டி கைக்கு வந்துவிட்டதே, பிறகென்ன?

மேடையில் இருந்தது அந்தப் பழைய பெட்டிதான். நான் சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

வந்தான். சப்பாத்தில் சேறு. ஒரு பை நிறைய இறைச்சி.

“அண்ணை, மானம் போச்சு. கொலின்ர வயலில பதுங்கி இருக்கிறம், நரி வேலியடிக்கு வந்திட்டுது. அவற்ற மருமகன் வந்து காரைப் பூட்டினான். பெட்டி கத்தத் தொடங்கினது நிக்கேல்லை. நரி பாஞ்சிட்டுது. இப்ப அந்தச் சத்தம் கேட்டாலே வருகுதில்லை. ஒன்பது குட்டி போச்சு.”

“கண்டுபிடிச்சவருக்குத் திருத்தத் தெரியாதோ?”

“பகிடி விடாதேங்கோ. நீங்கள் திருத்தித் தாங்கோ. அடுத்த வருச விழா மலரில ‘தொழில்நுட்ப உதவி’ எண்டு உங்கட பேரைப் போடுவிக்கிறன்.”

உதவி! எனக்கு!

“இறைச்சியை எடுத்துக்கொண்டு வெளிய போடா.”

போனான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

17 மார்ச்

வசந்தமலர் சோறு போட்டபடி கேட்டாள்: “குகதாசனை விடுங்கோ. அந்த வெள்ளைக்கார மனிசன் உங்களுக்கு என்ன செய்தவர்?”

கை கழுவிவிட்டு, நவம்பரில் திருத்திய என் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

20 மார்ச்

லீவு எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கொலினிடம் போனேன். புதுப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். முயல் சத்தத்தை எடுத்துவிட்டு, காயப்பட்ட பறவையின் சத்தம் ஏற்றியிருந்தேன். நரிக்கு அது புதிது. பக்கத்தில் நின்று அவருடைய காரை நானே பூட்டித் திறந்து காட்டினேன். பெட்டி மூச்சுக் காட்டவில்லை. வெயில் சாய்கிற நேரம் வேலியோரம் படுத்திருந்தோம். பதினொரு நிமிடத்தில் நரி வந்தது. ஒரே வெடி.

கொலின் என் தோளில் தட்டி, குகதாசனின் ஆளா என்று கேட்டார்.

இல்லை என்றேன். உரக்கவே சொன்னேன்.

22 மார்ச், சனி

வரைபடம் முழுவதையும் சுத்தமாக வரைந்து முடித்தேன். எந்த ரிசீவர், எந்த அம்ப்ளிஃபையர், எந்தப் பற்றறி, முதல் பெட்டியில் நான் விட்ட பிழை, அதைத் திருத்திய விதம். ஆட்டுக்காரர்களும் வேட்டைக்காரர்களும் எழுதுகிற இணையப் பக்கம் ஒன்றைக் கொலின் காட்டியிருந்தார். அதில் போடப்போகிறேன். யாரும் எடுத்துச் செய்யலாம். இனி எவனும் இதை மேசையில் வைத்துத் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

அடியில் பெயரையும் பட்டத்தையும் அடித்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரைப் போட்டால் சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்: எரிச்சலில் எழுதியிருக்கிறான். பிறகு பெட்டியை மறந்துவிட்டு எங்கள் இருவரையும் பற்றிப் பேசுவார்கள். இன்னொரு விழா வைத்துச் சமாதானமும் செய்வார்கள். அவர்களுடைய சமாதானம் எனக்கு வேண்டாம்.

அழித்தேன்.

வசந்தமலர் பின்னால் நின்று பார்த்தாள்.

“பேர் போடேல்லையோ?”

“இல்லை.”

“பிறகு ஆருக்குத் தெரியும், நீங்கள் செய்ததெண்டு?”

“குகதாசனுக்குத் தெரியும்.”

தேத்தண்ணி குடித்துவிட்டு அனுப்புகிறேன். பெயர் இல்லாமல்.