ஜாவாவை யாரிடம் விடுவது

9 பிப்ரவரி 2025

இன்று என் ஜாவா பைக் மூச்சு விட்டது. பத்து கிக் அடித்து முழங்கால் கழன்ற பிறகு, சட்டென்று பிடித்துக்கொண்டது. எங்கள் கணபதி ஏரியா முழுக்கப் புகை. எதிர்வீட்டுக்காரம்மா கொடியில் காய்ந்த துணியை உருவிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பார்க்கட்டும். அவர் வீட்டு மிக்ஸி சத்தத்தை நான் ஆறு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக் கிடங்கில், கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே கிடந்த வண்டி. அறுபத்தொன்பது மாடல். வாங்கிவந்த அன்று அம்மா தமிழில் திட்டினாள். எங்கள் வீட்டில் தெலுங்கில் திட்டினால் கோபம். தமிழில் திட்டினால் தெருவுக்கும் கேட்க வேண்டும் என்று அர்த்தம். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் பழைய இரும்பு?" கேட்டது யார்? இரும்பைக் கடைந்து பம்புக்கு ஷாஃப்ட் செய்து விற்கும் லேத் பட்டறையின் முதலாளியம்மா ராமாமணி. அப்பா போன பிறகு பட்டறையும் அவள் கையில், நாங்களும் அவள் கையில்.

கோட்டைமேட்டு மெக்கானிக் கலீல் பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்க வைத்து, "நாந்தேன் எழுப்புனேன்" என்றார். கிக் அடித்தது நான். இந்த இரண்டு வருஷத்தில் "நாளைக்கு முடிஞ்சிருமுங்க அம்மணி" என்பதைத் தவிர அவர் ஒழுங்காக முடித்த வாக்கியம் கிடையாது.

சாவி என்று ஒன்றைக் கொடுத்தார். சாவியா அது? தலை தட்டிய ஒரு பின். ஸ்விட்ச் ஓட்டையில் குத்தினால் கரண்ட் வரும், அவ்வளவுதான். தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒரு ஆணி போதுமுங்க."

16 மார்ச்

சாய்சரண் ஒரு எருமை. எருமை கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் தம்பிக்கு இருபத்தாறு வயது. இஞ்சினியரிங் படித்திருக்கிறான். பட்டறைக்கு இப்போது அவன்தான் சின்ன முதலாளி. நான் ஆபீஸ் போயிருந்தபோது, ரீல்ஸ் எடுக்க ஜாவாவை எடுத்துப் போயிருக்கிறான். பங்கில் டேங்கை நிரப்பியிருக்கிறான், வெறும் பெட்ரோலை. இது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றினால்தான் இஞ்சினுக்குள் வழவழப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையாம். சரவணம்பட்டி தாண்டுவதற்குள் பிஸ்டன் இறுகிவிட்டது. நடு ரோட்டில் வண்டி நின்றதும் இவன் என்ன செய்தான்? ஒரு பேக்கரி வாசலில் சாய்த்துப் போட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டான்.

"பெட்ரோல்னா பெட்ரோல்தானே அக்கா?"

இரண்டு வருஷ வேலை. ஸ்கூட்டியில் பட்டனை அமுக்கிப் பழகிய ஜென்மத்திடம் என்ன பேச?

17 மார்ச்

கலீல் பாய் இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அப்புறம் டீ சொன்னார். அப்புறம், நாளைக்கு முடிஞ்சிரும் என்றார்.

13 ஏப்ரல்

ஜெர்மனி வேலை உறுதியாகிவிட்டது. பம்ப் டிசைன். ஆகஸ்டில் சேர வேண்டும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். எனக்கு முதலில் தோன்றியது ஜாவாதான். புது பிஸ்டன் போட்டு இப்போதுதான் மறுபடி ஓடுகிறது. இதை எங்கே விட்டுப் போவது? விற்கமாட்டேன். இந்த வீட்டில் நானே சம்பாதித்து, நானே கை கருக்கச் செய்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அப்பாவுடையது, அல்லது சாய்சரணுக்கு வரப்போவது.

கப்பலில் அனுப்ப முடியுமா என்று ஒரு ஏஜென்ட்டிடம் கேட்டேன். "அதுக்கு அங்கயே புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே மேடம்" என்றான். அவன் நீட்டிய கார்டை அவன் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். என்னவோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது.

4 மே

பழைய வண்டிக்காரர்கள் கிளப் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் தமிழ்வேந்தன், தென்னை நார் ஏற்றுமதி. வண்டியைத் தன்னிடம் விடச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி ஹால், ஏசி, ஒவ்வொரு வண்டிக்கும் தலைக்கு மேலே ஒரு விளக்கு. எல்லாம் பளபளவென்று பிணம் மாதிரி நிற்கிறது. ஸ்டார்ட் செய்வீர்களா என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் எடுக்கறதில்லீங்க. பார்க்க மட்டுந்தானுங்க."

ஊர்வலம் போவதாக இருந்தால்கூட லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பார்களாம். கோயமுத்தூர் மே மாத வெயிலில் தோல் ஜாக்கெட்! காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

18 மே

கலீல் பாயிடம் விடலாமா? பாய் நல்லவர். பாயின் மச்சான் இருக்கிறானே, அவன் நம் வண்டியில் பால் வாங்கப் போவான், மீன் வாங்கப் போவான், உக்கடத்தில் யாருக்காவது இரவல் கொடுப்பான். பாயே ஒத்துக்கொண்டார். அப்படியானால் பூட்டி வைத்துவிடுகிறேன் என்றேன்.

"பூட்டி வெச்சா எலி குடும்பம் நடத்துமுங்க."

எலிக்காவது குடும்பம் நடத்தத் தெரியும்.

22 ஜூன்

விசா இன்னும் வரவில்லை. அம்மா வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தாள். வீட்டை ஒட்டிய பட்டறையைச் சுற்றி நடந்தார், திசைகாட்டியைப் பார்த்தார், கண்ணை மூடினார். ஈசானிய மூலையில் கனமான இரும்பு நிற்கிறதாம், அதுதான் பிள்ளையின் பயணத்தை மறிக்கிறதாம். கனமான இரும்பு என்றால் என் ஜாவா. அதற்குப் பக்கத்தில் நிற்கிற லேத் மெஷின் மட்டும் பஞ்சு மிட்டாயா?

லேத் தொழில் பார்க்கிறதுங்க, அது வேற கணக்கு என்று சொன்னாராம்.

24 ஜூன்

நான் ஆபீஸில் இருந்தபோது அம்மாவும் சாய்சரணும் பட்டறை ஆட்களும் சேர்ந்து வண்டியை வாஸ்துக்காரர் சொன்ன கன்னி மூலைக் கிடங்குக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். கியரில் இருந்த வண்டியை! தரையில் டயர் தேய்ந்த கருப்புக் கோடு அப்படியே இருக்கிறது. ஒருத்தருக்கும், ஒரே ஒருத்தருக்கும், நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற கூட்டம் இது!

சாய்சரணைப் பிடித்துக் கத்தினேன். அந்த லீவரே கிக்கர், அதே லீவர்தான் கியர், அதைப் பார்த்துவிட்டுத் தள்ளுகிற அளவு மூளைகூடவா கிடையாது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அம்மா தமிழில் திட்ட ஆரம்பித்தாள். தெரு முழுக்கக் கேட்டது.

27 ஜூன்

விசா வந்துவிட்டது.

இனி இந்த வீட்டில் என்னால் வாயைத் திறக்க முடியாது. அம்மா அந்த வாஸ்துக்காரருக்குத் தேங்காய் பழத்தட்டோடு வேட்டி துண்டு அனுப்பினாள்.

20 ஜூலை

முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் விடப்போவதில்லை. கன்னி மூலைக் கிடங்கு ஈரமில்லாத இடம், அதற்காக மட்டும் வாஸ்துக்காரருக்கு நன்றி. பெட்ரோலை வடித்தேன். பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக ஆயில் விட்டேன். சைலன்சரில் துணி அடைத்தேன், எலிக் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தி, கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

சாய்சரண் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட உடு அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றான். உன்னை நம்பி ஒரு தக்காளிச் செடியைக்கூட விடமாட்டேன் என்றேன். சிரித்தான். அவனுக்கு ரோஷம் என்று ஒன்று வைக்க மறந்துவிட்டார்கள்.

பூட்டுச்சாவி, வண்டிச்சாவி இரண்டும் என்னோடு வருகின்றன. எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: நான் வருகிற வரைக்கும் அதை யாரும் கிக் அடிக்கக் கூடாது. தொடக் கூடாது.

3 ஆகஸ்ட்

பிளேன் ஏறியாயிற்று. ஏர்போர்ட்டில் அம்மா கட்டிக்கொண்டபோது அவள் மேல் லேத் ஆயில் வாசனை. என் மேலும் அதே வாசனைதான் இருந்திருக்கும்.

14 செப்டம்பர்

இந்த ஊரில் சத்தமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் உடைந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். எதற்கெடுத்தாலும் முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும், தலைவலிக்கும்கூட. கோட் பையில் கையை விட்டால் வண்டிச்சாவி குத்துகிறது. எடுத்து மேஜையில் வைக்கலாம். வைக்கவில்லை.

1 அக்டோபர்

ஆயுத பூஜை. மதியம் ஆபீஸில் இருக்கும்போது அம்மா போன் பண்ணினாள். பட்டறையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்றாம், பொரிகடலை கொடுத்தாயிற்றாம், பூசணிக்காய் உடைத்தாயிற்றாம். எல்லாம் தெலுங்கில். குரலில் ஒரு தயக்கம்.

கிடங்குப் பூட்டை உடைத்துவிட்டார்களாம்.

ஏன்? ஏன்? ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். ஜெர்மானியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தமிழுக்கு மாறினாள், ஆனால் இந்த முறை குரல் எழும்பவில்லை.

"பொட்டு வைக்காம இருட்டுல போட்டு வெச்சா, ஓட்டறவளுக்கு ஆகாது கண்ணு. நீ அத்தாந்தொலைவுல இருக்கறே."

நான் போனை வைத்துவிட்டேன். எலுமிச்சம்பழம் நசுக்க வண்டியை ஓட்டியே ஆக வேண்டுமே, அந்த எருமை மறுபடி வெறும் பெட்ரோல் ஊற்றியிருப்பான். ஆணியைக் குத்தி, கிக் அடித்து… அவ்வளவுதான். போயிற்று. எந்த மூலையில் பூட்டினாலும் உடைத்துக்கொண்டு வருகிற கூட்டம். இவர்களோடு பிறந்தேனே!

2 அக்டோபர்

அம்மா வீடியோ அனுப்பியிருந்தாள். காலையிலிருந்து திறக்கவில்லை. கோபத்தில் கடைசி மிச்சத்தையும் பார்த்துவிடுவோம் என்று மாலையில் திறந்தேன்.

ஜாவாவுக்குச் செவ்வந்தி மாலை. டேங்கில் சந்தனம், ஹெட்லைட்டில் குங்குமம். சைலன்சரில் நான் அடைத்த துணி அப்படியே இருக்கிறது. பிளக்கும் கழற்றியபடிதான். பட்டுச்சேலையில் அம்மா ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறாள், வாழ்க்கையில் முதல் தடவையாக, எருமைக் கொம்பைப் பிடித்த மாதிரி. சாய்சரண் குனிந்து லீவரைக் கையால் ஆட்டிப் பார்க்கிறான். "நியூட்ரல்தான், இப்பத் தள்ளுங்க" என்கிறான். அப்புறம் பின்னாலிருந்து அவனே தள்ளுகிறான். சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறுகிறது. சாறு தெறித்து அம்மா சேலையில் படுகிறது.

பட்டறை ஆள் ஒருவர் குரல்: "ஒரு கிக் அடிச்சுத்தான் பாருங்களேன் தம்பி. நல்ல நாளும் அதுவுமா."

"வேண்டாமுங்க. அக்கா அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

பிறகு அந்த மடையன் மாலை சிக்காமல் வண்டியைத் திருப்பி, மறுபடி மரக்கட்டை மேல் ஏற்றுகிறான்.

அழுதேன். எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே இல்லையென்று சொல்லக் கூடாது.

5 அக்டோபர்

சாய்சரணுக்கு போன் போட்டேன். எடுத்ததும், "அக்கா, பூட்டுக்கு நான் ஒண்ணும் பண்ணல, அம்மாதான்" என்று ஆரம்பித்தான். வாயை மூடு என்றேன். மூடினான்.

சைலன்சரில் துணி இருக்கிறது, முதலில் அதை எடு. பிளக் இரண்டாவது ஷெல்ஃபில் பழைய பவுடர் டப்பாவில் இருக்கிறது, துடைத்துவிட்டுப் போடு. பெட்ரோல் புதிதாக வாங்கு. லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில். நாற்பது என்றால் நாற்பது, உன் கைக்கணக்கு எனக்கு வேண்டாம், எருமை. முதலில் நன்றாகப் புகையும், பயந்து நிறுத்திவிடாதே. எதிர்வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, துணியை எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிறுதோறும் ஒரு சுற்று, கணபதிக்குள்ளேயே. ரீல்ஸ் எடுத்தால் கொன்றுவிடுவேன்.

அந்தப் பக்கம் அவன் பேனா தேடி எழுதிக்கொள்கிற சத்தம்.

"சாவி உங்கிட்டல்ல இருக்கு அக்கா?"

ஒரு ஆணி எடுத்துக்கோடா என்றேன்.