நீ இல்லாமல் நடந்த உன் வழக்கு

அன்புள்ள பெரியவனே,

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுக்க, அதனால் அதை முதல் வரியிலேயே கேட்டு முடித்துவிடப் போவதில்லை. போனில் கேட்டால் "ம்", "சரி", "வைக்கட்டா" என்று மூன்றே வார்த்தையில் என்னை அனுப்பிவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார்! விஷயம் இதுதான். லீவுக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டு, கொஞ்ச நாளாக உன்னோடு பேசாமல் கோபமாக இருந்தேன். நீ அதைக் கவனித்தாயா என்பதே சந்தேகம். இப்போது கோர்ட் தலையிட்டு என் கோபத்துக்குத் தடை போட்டுவிட்டது. சிரிக்காமல் படி.

நான் ஆன்லைனில் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறேன் இல்லையா, நீகூட "அந்த சாருக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சா நீதான்மா தலைவி" என்று கிண்டல் பண்ணினாயே. ஆமாம், தலைவிதான், அதில் என்ன வெட்கம்! என் கமெண்ட் ஒன்றை சார் எல்லாருக்கும் மேலே பின் பண்ணி வைத்தார், அதை நான் நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையிலேயே கலர் பிரிண்ட் போட்டு வீட்டில் ஒட்டியிருக்கிறேன், முதலாளிக்குத் தெரியாது. இப்போது ரிப்போர்ட்டட் ஸ்பீச் நடக்கிறது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் போய்ச் சொல்வது எப்படி என்பதுதான் பாடம். "இதுல உனக்கு எதுக்குப் பாடம், நீ ஊருக்கே எடுப்பியே" என்றார் உன் அப்பா. சார் இதைக் கோர்ட் மாதிரி நடத்துகிறார். ஒருத்தர் திருடன், ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் சாட்சி, சார்தான் ஜட்ஜ். காதில் விழுந்ததை சாட்சி அப்படியே இங்கிலீஷில் ஜட்ஜிடம் சொல்ல வேண்டும். அவன் "நான்" என்றது நம் வாயில் "அவன்" ஆகிவிடும், "இங்கே" என்றது "அங்கே" ஆகிவிடும், "இன்றைக்கு" என்றது "அன்றைக்கு" ஆகிவிடும், மற்றபடி நாமாக எதையும் சேர்க்கக் கூடாது. முதல் கேஸ் வாட்ச் கடைத் திருட்டு. காவலாளி யாரோ ஒரு ஆளைப் பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னார். நான் "ஹீ செட் தட் ஹீ ஹேட் சீன் எ மேன்" என்று அழகாக ஆரம்பித்து, அந்த ஆளுக்குப் பெரிய மீசை, கன்னத்தில் தழும்பு, திருட்டு முழி எல்லாம் கொடுத்துவிட்டேன். "மேடம், இந்த மீசையை யாரு வச்சது?" என்று சார் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு மீசை மேடம் என்று பேர்.

அடுத்த வகுப்புக்கு அவரவர் வீட்டிலிருந்து ஒரு நிஜ வழக்கு கொண்டு வரச் சொன்னார். எல்லாரும் பக்கத்து வீட்டுப் பூனை, காணாமல் போன செருப்பு என்று கொண்டு வந்தார்கள், நான் உன்னைக் கொண்டு போனேன். கோபம் கண்ணை மறைத்துவிட்டது ராஜா! வகுப்பில் ஒரு பஸ் டிரைவர் அண்ணன் இருக்கிறார், அவர் என் தரப்பு வக்கீல். ஒரு நர்ஸ் அம்மா உன் தரப்பு. நான் கூண்டில் ஏறி, "என் நாத்தனார் சொன்னாங்க, அவன் வரமாட்டேன்னு சொன்னானாம், அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்குன்னு கேட்டானாம்" என்று இங்கிலீஷில் பாதி, தமிழில் பாதி, அழுகையில் மீதி எனச் சொல்லி முடித்தேன். டிரைவர் அண்ணனுக்கே கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணி, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" உன் அத்தை! என் பின் பண்ணின கமெண்ட்டைப் பார்க்கட்டும் என்று அவளுக்கு லிங்க் அனுப்பியதே நான்தான், அவள் அன்றைக்கென்று வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். சார் விடுவாரா, அவளையும் கூண்டில் ஏற்றினார். அவள் சொன்னாள், "லீவுக்கு வர்றியான்னு கேட்டேன், பாக்கலாம் அத்தைன்னான். சாப்பிட்டியான்னேன், அதுக்கும் பாக்கலாம்னான். அவன் வர்ற மாதிரி தெரியலைன்னு அண்ணிகிட்ட நான்தான் சொன்னேன். அவ்வளவுதான்." அப்படியானால் "வரமாட்டேன்", "வீட்டில் என்ன இருக்கு" எல்லாம் யார் சொன்னது? நானேதான், பாத்திரம் கழுவிக்கொண்டே மனசுக்குள் உன் குரலில் பேசிப் பார்த்து, கடைசியில் நீ சொன்னதாகவே நம்பி, அதற்குக் கோபித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். டிரைவர் அண்ணன் கேஸை வாபஸ் வாங்கிவிட்டார். நர்ஸ் அம்மாதான் விடவில்லை. "இத்தனை பேர் பேசிட்டோம், அந்தப் பையன்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார். வழக்கு தள்ளுபடி, புகார் கொடுத்தவர் குற்றம் சாட்டப்பட்டவரிடமே கேட்க வேண்டும் என்று தீர்ப்பு.

அதனால் கேட்கிறேன். லீவை விடு, சாப்பிட்டாயா என்று கேட்டால் எதற்கடா பார்க்கலாம் என்றாய்? சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட சரித்திரமே உனக்குக் கிடையாதே, பரீட்சைக்கு நடுவில்கூட டிபன் பாக்ஸைத் திறந்தவன் நீ. லேபில் ராத்திரி ஷிஃப்ட் தாங்க முடியவில்லையா, மேலே இருப்பவர் யாராவது திட்டுகிறாரா, யாரையாவது பிடித்துப்போய்த் தொண்டையில் சோறு இறங்கவில்லையா? கடைசி என்றால் போட்டோ அனுப்பு. முதல் இரண்டும் என்றால் மறைக்காமல் எழுது. வர முடியாது என்றால் முடியாது என்றே எழுது, வரப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது, உன் கையெழுத்தில் வரும் எதையும் தாங்குவேன், நானாகக் கற்பித்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கச்சி உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள், நீ வந்தால் காலி பண்ணுவாளாம், வாடகை கேட்பாளாம். தூங்காமல் போனைப் பார்க்காதே, துணியை ஈரத்தோடு மடித்து வைக்காதே. எங்கிருந்தாலும் வயிறும் மனசும் நிறைந்து நல்லபடியாக இரு, என் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக்கொள். பதில் எழுத மறந்துவிடாதே, உன் அத்தையிடம் சொல்லி அனுப்பாதே. உன் அப்பா உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனாலும் எழுத மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், அவரே எழுதட்டும்.

கோபம் தீர்ந்த,
உன் அம்மா

மாடி ரூம் ஃபேன் ரிப்பேர் பண்ணிட்டேன். இப்ப சத்தம் இல்ல. வந்து தூங்கு.
அப்பா